அப்பாவுக்குப் புரோஸ்டேட் கேன்சர், 3+3: சுரப்பியை உடனே எடுத்துவிடுவதா, கண்காணிப்பில் வைப்பதா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அப்பாவுக்கு வயது 66. பி.எஸ்.ஏ., அதாவது புரோஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடுகிற புரதத்தின் அளவு, 6.8. பயாப்ஸியில் 12 கோர் எடுத்ததில் இரண்டில் கேன்சர், கிளீசன் 3+3. சர்க்கரையும் உண்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எண்) 9.2. மூன்று வாரத்தில் ரோபோ அறுவைக்குத் தேதி தருகிறேன் என்று யூராலஜிஸ்ட் சொன்னார். கண்காணித்தும் பார்க்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னாராம். பெரியப்பா இதே புரோஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் போய் இறந்தவர் என்பதால் நீங்களும் அக்காவும் எடுத்துவிடலாம் என்கிறீர்கள். அப்பா எதுவும் பேசுவதில்லை. ‘தைப்பூசம் முடியட்டும்’ என்று மட்டும் சொல்கிறார்.

அப்பா சொல்வதுதான் சரி. பக்திக்காகச் சொல்லவில்லை, மருத்துவக் கணக்கிலேயே சொல்கிறேன். இது மூன்று வாரத்தில் முடிவெடுக்க வேண்டிய கேன்சர் இல்லை. மூன்று மாதம் எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் கைநழுவிப் போகாது. அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய வேலைதான் நிறைய இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. டர்பனில் ஒரு பெத்தாலஜி லேபில் முப்பது வருடத்துக்கு மேல் டெக்னாலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2016இல் எனக்கே 3+3 வந்தது. நான் அறுவை செய்துகொள்ளவில்லை, ரேடியேஷனும் எடுக்கவில்லை, இன்றுவரை கண்காணிப்பில் இருக்கிறேன். அதனால் நான் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

பயாப்ஸி கோர் என்பது என்ன என்று பலருக்குத் தெரியாது. ஃபார்மலின் குப்பியில் வரும்போது அது ஒரு துண்டு சேமியா மாதிரி இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், நூல் கனம், வெளுத்த நிறம். தொட்டால் உடையும். அதை மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டித் தருவது எங்கள் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கிரேடு போடுகிற டாக்டர்தான் பெத்தாலஜிஸ்ட். சுரப்பி முழுவதையும் அவர் பார்ப்பதில்லை, பன்னிரண்டு சேமியாவைத்தான் பார்க்கிறார். அப்பாவுக்கு வந்த ‘இரண்டில் 3+3’ என்ற வரிக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான். நல்ல செய்தி, ஆனால் முழுச் செய்தி இல்லை.

கிளீசன் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது வீடுவீடாகக் குழப்புகிற எண். கேன்சர் திசு எவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்பதற்கு 3, 4, 5 என்று எண் போட்டு, இரண்டு எண்களைக் கூட்டிச் சொல்வார்கள்; எண் ஏற ஏற மோசம். பத்துக்கு ஆறு என்றதும் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். உண்மையில் இன்றைக்குப் பயாப்ஸியில் எழுதுகிற மிகக் குறைந்த எண்ணே ஆறுதான். இந்தக் குழப்பத்துக்காகவே 2014இல் பெத்தாலஜிஸ்டுகள் கூடி, 3+3ஐ ‘கிரேடு குரூப் 1’ என்று மாற்றி எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். மொத்தம் ஐந்து குரூப், அதில் இதுதான் மிகக் குறைந்தது. சுத்தமான 3+3 சுரப்பியை விட்டு வெளியே பரவுவது அரிதிலும் அரிது. இதைக் கேன்சர் என்ற பெயரால் அழைக்கத்தான் வேண்டுமா என்று அந்தத் துறையிலேயே சண்டை நடக்கிறது. நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன், அது கேன்சர்தான் என்று சொல்கிற கட்சி. ஆனால் எலும்புக்குப் போகிற கேன்சரையும் இதையும் ஒரே பெயரில் அழைத்து ஒரு குடும்பத்தைத் தூங்கவிடாமல் செய்வது நியாயமில்லை என்பதும் தெரிகிறது.

ஆகவே முதல் கேள்வி அறுவையா ரேடியேஷனா என்பது இல்லை. இது உண்மையிலேயே 3+3 மட்டும்தானா, ஊசி படாத இடத்தில் 4 ஏதாவது ஒளிந்திருக்கிறதா? இதற்கு மூன்று வழி.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. பயாப்ஸிக்கு முன்பே எடுத்திருந்தால் உத்தமம். எடுக்கவில்லை என்றால் இப்போதே ஓடாதீர்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும், படத்தில் அது கேன்சர் போலவே தெரிந்து குழப்பும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுத்தால் தெளிவாக வரும். ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ்’ என்று 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் நிம்மதி. 4, 5 என்றால் அந்த இடத்தைக் குறிவைத்து இன்னொரு பயாப்ஸி. அதை மலக்குடல் வழியாகச் செய்யாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் தோல் வழியாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கிருமித்தொற்று ஆபத்து அந்த வழியில் குறைவு.

அடுத்தது, ஸ்லைடுகளை இன்னொரு பெத்தாலஜிஸ்ட் பார்ப்பது, அதுவும் புரோஸ்டேட்டையே அதிகம் பார்க்கிறவர். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மெழுகுக் கட்டிகளை லேப்கள் பல வருடம் வைத்திருக்கும். ஜோஹானஸ்பர்க்குக்கோ சென்னைக்கோ அனுப்பிப் படிக்க வைக்கலாம். 3க்கும் 4க்கும் நடுவில் இருக்கிற திசுக்களில் இரண்டு நல்ல கண்கள் இரண்டு விதமாகச் சொல்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்றாவது, வீட்டிலேயே போடுகிற கணக்கு. பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் அளவால் வகுக்க வேண்டும். ஸ்கேனில் அளவு 52 மில்லிலிட்டர் என்று இருந்தால் 6.8ஐ 52ஆல் வகுக்க 0.13 வரும். 0.15க்குக் கீழே இருந்தால் கண்காணிப்புக்குச் சாதகம். சுரப்பி 30தான் என்றால் 0.23, கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அப்பா சிறுநீர் சுலபமாகப் போக ஃபினாஸ்டரைடு ஏதாவது சாப்பிடுகிறாரா? முடி கொட்டுவதற்கும் அதே மருந்துதான். அது பி.எஸ்.ஏ.யைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்படியானால் 6.8 என்பது 6.8 இல்லை.

சரி, பெரியப்பா விஷயம். உங்களைத் துரத்துவது அப்பாவின் ரிப்போர்ட் இல்லை, பெரியப்பாவின் கடைசி வருடம் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. முதுகுவலி என்று போனபோதே எலும்பில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் தம்பிக்கு வந்தாலும் நோய் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு வந்தது அநேகமாக ஆரம்பத்திலிருந்தே வேறு ரகம். இருந்தாலும் நான் அதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவர் இந்த நோய் பரவி இறந்திருந்தால் பி.ஆர்.சி.ஏ.2 என்கிற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. அது இருந்தால் கண்காணிப்பு என்ற பேச்சை நானே நிறுத்திவிட்டு டாக்டர் சொல்படி கேளுங்கள் என்பேன். உங்கள் அத்தைகள், அப்பாவைப் பெற்ற பாட்டி என்று அப்பா வழியில் யாருக்காவது மார்பகப் புற்றோ கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றோ வந்ததா என்றும் விசாரியுங்கள். அதே மரபணுதான்.

இனி எண்கள். பிரிட்டனில் ‘புரோடெக்ட்’ என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1999 முதல் 2009 வரை 50க்கும் 69க்கும் இடைப்பட்ட வயதில், கேன்சர் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, ரேடியேஷன். பதினைந்து வருடக் கணக்கு 2023இல் வெளிவந்தது. புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் கண்காணிப்பில் நூற்றுக்கு 3.1, அறுவையில் 2.2, ரேடியேஷனில் 2.9. வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்கும் அளவுக்குச் சிறியது. எந்தக் காரணத்தாலோ இறந்தவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேர். அதாவது புரோஸ்டேட்டில் போனவர் ஒருவர் என்றால் மற்றதில் போனவர் ஏழு பேர்.

இதன் மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. கேன்சர் வெளியே பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு 9.4 பேருக்கு, அறுவையில் 4.7, ரேடியேஷனில் 5.0. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் பதினைந்து வருடத்துக்குள் ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். ஆனால் அந்த ஆய்வில் 3+3 மட்டும் இல்லை, அதற்கு மேற்பட்டவர்களும் கணிசமாக இருந்தார்கள், எம்.ஆர்.ஐ.யும் இல்லை, குறித்த தேதியில் மறுபயாப்ஸியும் இல்லை. பெரும்பாலும் பி.எஸ்.ஏ.யை வைத்தே பார்த்தார்கள். இப்போது செய்கிற கண்காணிப்பு அதைவிட இறுக்கமானது. கனடாவில் டொரன்டோவில் லாரன்ஸ் கிளாட்ஸ் என்ற யூராலஜிஸ்ட் 1995இலேயே இதைத் தொடங்கினார். அவரிடம் இருந்த 993 பேரில், 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் பதினைந்து பேர்.

அறுவையின் விலை என்ன? இங்கேதான் அப்பாவின் காவடி வருகிறது.

உங்கள் அப்பா முப்பது வருடமாகக் காவடி எடுப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். பத்து நாள் விரதம், ஜனவரி பிப்ரவரி வெயில், தாரில் வெறுங்கால், தோளில் காவடி. அறுவை முடிந்ததும் ஒன்று இரண்டு வாரம் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் குழாய், இருக்கும். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கதீட்டர் எடுத்த பிறகுதான் சிறுநீர்க் கசிவு தொடங்கும்: தும்மினால், எழுந்தால், தூக்கினால். புரோடெக்டில் அறுவை செய்தவர்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் பேட் வைத்திருந்தார்கள். ஆறு வருடம் கழித்தும் 17 பேர். கண்காணிப்பில் அந்த எண் ஆறு மாதத்தில் 4, ஆறு வருடத்தில் 8. மஞ்சள் வேட்டிக்குள் பேட் வைத்துக்கொண்டு காவடி ஆடுகிற மனிதரை எனக்குத் தெரியும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முருகனுக்குத் தெரியாததா என்று சிரிப்பார். உங்கள் அப்பா அப்படிச் சிரிப்பாரா, கோயிலுக்கே போகாமல் இருந்துவிடுவாரா? அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, பிள்ளைகளிடம் எந்த அப்பாவும் பேசமாட்டார். விறைப்பு. ஆறு மாதத்தில் உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது அறுவையில் நூற்றுக்கு 12 பேருக்கு, ரேடியேஷனில் 22, கண்காணிப்பில் 52. பிறகு ரேடியேஷனில் ஓரளவு மீள்கிறது, அறுவையில் அவ்வளவாக மீள்வதில்லை. வயது ஏற ஏற எல்லோருக்குமே குறைகிறது, சர்க்கரை வேறு ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும். 66 வயதில் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் போகும்போது பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். அம்மாவும் அப்பாவும் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

ரோபோ என்பதால் இதெல்லாம் குறையுமா என்றால், ஆஸ்திரேலியாவில் ரோபோ அறுவையையும் பழைய திறந்த அறுவையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் சிறுநீரிலும் உறவிலும் வித்தியாசம் இல்லை. ரத்த இழப்பு குறைவு, அவ்வளவுதான். எந்த இயந்திரம் என்பதைவிட எத்தனை செய்த கை என்று கேளுங்கள். அப்புறம், சிகிச்சை வேண்டும் என்றே முடிவானாலும் ரேடியேஷன் டாக்டர் ஒருவரையும் பார்த்த பிறகே தேதி கொடுங்கள். நகைக்கடைக்குப் போனால் நகையைத்தான் காட்டுவார்கள். ரேடியேஷனிலும் தொல்லை உண்டு, மலக்குடலில் எரிச்சலும் கசிவும் வரலாம். ஆனால் சிறுநீர்க் கசிவு குறைவு. முன்பு எட்டு வாரம் நடந்ததை இப்போது இருபது தடவையில் முடிக்கிறார்கள், சில இடங்களில் ஐந்து தடவையிலேயே.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகப் பயமுறுத்திய எண் 6.8 இல்லை, 9.2. சர்க்கரைக்கு எச்பிஏ1சி 9.2 என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நம் டர்பன் வீடுகளில் இது சகஜம் என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன ஏழு பேர் எதில் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? மாரடைப்பு, வேறு கேன்சர்கள், மூச்சுக் கோளாறு. அடுத்த பத்து வருடத்தில் அப்பாவை எடுத்துக்கொண்டு போகக்கூடியது புரோஸ்டேட்டைவிட அவருடைய இதயமும் சிறுநீரகமும்தான். நாளைக்கே அறுவை என்றாலும் 9.2இல் புண் ஆறுவது கஷ்டம். அந்த மூன்று மாதத்தில் இதை ஏழரைக்காவது இறக்கப் பாருங்கள். பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு, பக்கத்தில் ரொட்டி, மேலே கூல்டிரிங்க். இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் விரலால் சோதிப்பது, ஒரு வருடத்தில் மறுபடியும் எம்.ஆர்.ஐ.யோ பயாப்ஸியோ, பிறகு சில வருடங்களுக்கு ஒரு முறை பயாப்ஸி. பி.எஸ்.ஏ. ஒரு தடவை ஏறினால் அறுவைக்கு ஓடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீண்ட சைக்கிள் சவாரி, முந்தின நாள் உறவு, எல்லாம் ஏற்றிக் காட்டும். திரும்ப எடுங்கள். அதிலும் ஏறினால் எம்.ஆர்.ஐ. கிரேடு 4 ஏதாவது தலைகாட்டினால்தான் சிகிச்சைப் பேச்சு.

இதில் ஓட்டை விழுவது எங்கே என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன். 2020 ஏப்ரலில் எனக்கு மறுபயாப்ஸி. மார்ச் கடைசியில் லாக்டவுன் வந்தது, தள்ளிப்போனது. 2021 ஜூலைக்கு மாற்றினார்கள். அந்த வாரம்தான் கலவரத்தில் டர்பன் எரிந்தது, சாலையில் போக முடியவில்லை. அடுத்த தேதி 2022 ஏப்ரல், வெள்ளம். அதற்குப் பிறகு யார் மேலும் பழி போட முடியாது, நானே கூப்பிடவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. லேபில் வேலை பார்த்தவன் நான்! கடைசியில் அந்த வருட நவம்பரில் என் மனைவிதான் போன் செய்து தேதி வாங்கினாள். பி.எஸ்.ஏ. 5.1இலிருந்து 7.4க்கு ஏறியிருந்தது. ரிசல்ட் வரும்வரை பத்து நாள் காரைக் கழுவிக்கொண்டே இருந்தேன், தினமும். பயாப்ஸியில் மறுபடியும் 3+3தான். அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். அப்பாவின் தேதிகளை அப்பாவிடம் விடாதீர்கள். அக்கா போனில் போட்டுவையுங்கள். அக்கா மறக்கமாட்டார் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

மெடிக்கல் எய்ட், அதாவது நம் ஊர் மருத்துவக் காப்பீடு, பற்றி ஒரு வார்த்தை. அறுவைக்கு ஒரே நாளில் அனுமதி கொடுக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு ‘சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதுண்டு. 1998ஆம் வருடத்து மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தில் கட்டாயக் குறைந்தபட்சச் சலுகைகள் என்று இருக்கிறது, குணப்படுத்தக்கூடிய கேன்சர் அதில் வரும். கண்காணிப்புக்கான பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., பயாப்ஸி மூன்றையும் அந்தச் சலுகையின் கீழ் பதிவு செய்யச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். மறுத்தால் பதிலை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு, இந்தத் திட்டங்களை மேற்பார்க்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் முறையிடலாம்.

சொந்தக்காரர்கள் கொண்டுவந்து தரும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வைட்டமின் ஈ வேண்டவே வேண்டாம். 35,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ‘செலக்ட்’ ஆய்வில் அதைத் தனியாகச் சாப்பிட்டவர்களுக்குப் புரோஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் அதிகமாக வந்தது, 2011இல் சொன்னார்கள். மஞ்சளைச் சாம்பாரில் போடுங்கள், போதும்.

எல்லாம் பார்த்து, எண்கள் எல்லாம் சாதகமாக இருந்தும், உடம்புக்குள் கேன்சர் இருக்கிறது என்ற நினைப்போடு ஒரு ராத்திரிகூடத் தூங்க முடியாது என்று அப்பாவே சொன்னால், அப்போது அறுவை தவறில்லை. அப்படிச் செய்துகொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் தூக்கம் வராதது அவருக்கா உங்களுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டது நீங்கள், சுரப்பி அவருடையது.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் பயாப்ஸி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கேன்சர் வந்த இரண்டு கோரிலும் எத்தனை மில்லிமீட்டர், கோரில் எத்தனை சதவீதம் என்று அங்கே இருக்கும். ஸ்கேனில் சுரப்பியின் அளவையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு என்னென்ன கேட்க வேண்டும் என்று புதன் ராத்திரிக்குள் எழுதுகிறேன்.